சுவரிலிருக்கும் கல்லுக்கு ஊர் எது?

பழைய நகரம் ஒன்றைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள், அங்குள்ள பெரிய கட்டடங்களின் முன் நின்று, இதைக் கட்டியவர் யார், எந்த ஆண்டில் கட்டினார்கள், எவ்வளவு செலவாயிற்று என்றெல்லாம் கேட்பார்கள். 'இந்தக் கல் எந்த ஊர்க் கல்?' என்று கேட்பவர் அரிது. ஆனால் இருநூறு ஆண்டுகள் மழையிலும் பனியிலும் நின்ற சுவரைப் பழுது பார்க்க வேண்டிய நாள் வரும்போது, எல்லாக் கேள்விகளுக்கும் முன்னால் இந்தக் கேள்விதான் வந்து நிற்கிறது. கல்லின் பிறப்பிடம் தெரியாமல் ஏதோ ஒரு கல்லை வெட்டி ஒட்டினால், புதிய கல் நன்றாகவே இருக்கும். அதன் பக்கத்திலிருந்த பழைய கல் பொடிந்து உதிரத் தொடங்கும்.

ஒரு கல்லைப் பார்த்து அதன் ஊரைச் சொல்வது எப்படி? சோதிடமா? இல்லை. நோயாளியின் நாடியைப் பார்த்து, பிறகு இரத்தத்தைச் சோதித்து, நோயின் பெயரைச் சொல்லும் மருத்துவரின் வேலையைப் போன்றது இது. இந்தக் கலையைத் தெரிந்துகொள்ள ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவை விடச் சிறந்த பள்ளிக்கூடம் கிடையாது. ஏறத்தாழ நகரம் முழுவதும் மணற்கல்லால் கட்டப்பட்டது என்பது ஒரு காரணம். கல்லை அடையாளம் காண உலகமெங்கும் இன்று கையாளப்படும் முறையே அந்த நகரத்தில்தான் முளைவிட்டது என்பது மற்றொரு காரணம்.

மணற்கல் என்பது என்ன?

பெயரே சொல்வது போல, மணல் இறுகிக் கல்லானதே மணற்கல். நமக்குப் பழக்கமான கருங்கல் பூமிக்குள் மிகுந்த வெப்பத்தில் உருவானது; அதன் படிகங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. மணற்கல் அப்படியல்ல. ஆறோ, கடலோ, காற்றோ கொண்டுவந்து கொட்டிய மணல், மேலே மேலே படிந்த வண்டலின் பாரத்தால் அழுந்தி, இடையில் ஊறிய நீர் விட்டுச் சென்ற பொருள்களால் ஒட்டப்பட்டுக் கல்லாயிற்று.

எள்ளுருண்டையை எண்ணிப் பாருங்கள். எள் தனித்தனி மணி. வெல்லப்பாகு அதைப் பிடித்து நிறுத்தும் பசை. இரண்டும் சேர்ந்த பிறகும் உள்ளே சிறு சிறு இடைவெளிகள் உண்டு. மணற்கல்லும் இப்படித்தான். ஆகவே எந்த மணற்கல்லைப் பற்றியும் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். மணி எது? பசை எது? இடைவெளி எவ்வளவு?

மணி பெரும்பாலும் குவார்ட்ஸ் எனப்படும் படிகக்கல். இது சிலிக்காவால் ஆனது. அதோடு ஃபெல்ஸ்பார், நம்மவர் காக்காப்பொன் என்று சொல்லும் மைக்கா ஆகியவையும் கலந்திருக்கலாம். மணியின் விட்டம் 1 மில்லிமீட்டரில் பதினாறில் ஒரு பங்கிலிருந்து 2 மில்லிமீட்டர் வரை இருந்தால்தான் அது மணல். கால் மில்லிமீட்டருக்கு உட்பட்டது நுண்மணல். கால் முதல் அரை மில்லிமீட்டர் வரை நடுத்தர மணல். அதற்கு மேல் பருமணல்.

பசை நான்கு வகையாக அமையலாம். சிலிக்காவே பசையாக அமைந்தால் கல் மிக உறுதியானது. கால்சைட் என்னும் சுண்ணாம்புப் பொருள் பசையானால், அமிலம் கலந்த மழையில் அது கரைந்துபோகும். இரும்பு ஆக்சைடு பசையானால் கல்லுக்குச் சிவப்போ, மஞ்சளோ, பழுப்போ கிடைக்கும். களிமண் பசையானால், நனைந்து காயும்போதெல்லாம் உப்பிச் சுருங்கி, கல் விரைவில் தளர்ந்துவிடும்.

மூன்றாவதான இடைவெளிதான் கட்டடத்தின் ஆயுளை முடிவு செய்கிறது. தண்ணீர் கல்லுக்குள் எவ்வளவு புகும், எவ்வளவு விரைவாக வெளியேறும் என்பதெல்லாம் அந்த நுண்துளைகளின் கையில்தான் இருக்கிறது.

ஒரு நகரமும் அதன் குவாரிகளும்

எடின்பரோவின் பழைய நகரப் பகுதி ஒரு கோட்டைக் குன்றிலிருந்து சரியும் முதுகெலும்பு போன்ற மேட்டின் மீது அமைந்தது. அங்கு வீடு கட்டியவர்கள் பக்கத்தில் கிடைத்த கல்லையே எடுத்துக்கொண்டார்கள். வண்டியில் கல் ஏற்றிச் செல்லும் கூலி, கல்லின் விலையை விட அதிகமாகிவிடக்கூடிய காலம் அது. நகரின் தெற்கே ப்ரன்ட்ஸ்ஃபீல்டு பகுதியில் தோண்டிய சிவந்த, மஞ்சள் சாயல் கொண்ட மணற்கற்கள் இப்படித்தான் பழைய சுவர்களில் ஏறின.

18ஆம் நூற்றாண்டில் நிலைமை மாறிற்று. நெரிசல் தாங்காமல், வடக்கே ஒரு புதிய நகரத்தை எழுப்ப முடிவு செய்தார்கள். 1766இல் நடந்த போட்டியில் ஜேம்ஸ் கிரெய்க் என்னும் இளம் கட்டடக் கலைஞரின் திட்டம் பரிசு பெற்று, 1767இல் ஏற்கப்பட்டது. நேரான அகலத் தெருக்கள், ஒரே சீரான முகப்புகள் என்ற அந்தத் திட்டத்துக்குக் கூர்மையாகச் செதுக்கக்கூடிய, நிறம் மாறாத, பெரிய பாளங்களாகக் கிடைக்கும் கல் தேவைப்பட்டது. அதைக் கொடுத்தது நகருக்கு வடமேற்கே சுமார் 3 கிலோமீட்டரில் இருந்த கிரெய்க்லீத் குவாரி.

கிரெய்க்லீத் கல்லின் வயது 33 கோடி ஆண்டுகளுக்கும் மேல். கார்பனிஃபெரஸ் என்று புவியியலார் சொல்லும் காலத்தில், ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த மணல் அது. அதில் நூற்றுக்குச் சுமார் 98 பங்கு சிலிக்கா. மணியும் சிலிக்கா, பசையும் சிலிக்கா என்றால் உறுதிக்குக் கேட்க வேண்டுமா? ராபர்ட் ஆடம் வரைந்த திட்டப்படி 1789இல் தொடங்கிய பல்கலைக்கழகக் கட்டடத்தின் வாயிலில் நிற்கும் ஆறு தூண்களும் ஒற்றைக் கல் தூண்கள். ஒவ்வொன்றும் 22 அடி உயரம். 1826 முதல் 1829 வரை கால்டன் குன்றின் மீது எழுந்து, பணமில்லாமல் 12 தூண்களோடு நின்றுபோன தேசிய நினைவுச் சின்னமும் கிரெய்க்லீத் கல்தான். அதன் பெரிய பாளங்களைக் குன்றின் மீது ஏற்ற 12 குதிரைகளும் 70 ஆட்களும் வேண்டியிருந்தனவாம். தோண்டித் தோண்டி, கடைசியில் அந்தக் குவாரி 100 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்துக்குப் போயிற்று.

கிரெய்க்லீத் தனியாக இல்லை. அதன் அருகே ரேவல்ஸ்டன். தென்மேற்கே தாள் தாளாகப் பிளவுபடும் கல்லைத் தந்து, படிக்கட்டுகளுக்கும் அடித்தளங்களுக்கும் உதவிய ஹெய்ல்ஸ். மேற்கே இன்னும் தொலைவில், செதுக்குவதற்கு இதமான பின்னி. 19ஆம் நூற்றாண்டில் இரயில் வந்தது. அதன் பிறகு இங்கிலாந்தின் வடகோடியான நார்தம்பர்லாந்திலிருந்தும், ஸ்காட்லாந்தின் தென்மேற்கு மூலையான டம்ஃப்ரீஸ் வட்டாரத்திலிருந்தும் கற்கள் வந்து குவிந்தன. 1889இல் திறக்கப்பட்ட தேசிய உருவப்படக் காட்சியகம், சாம்பல் நிற நகரத்தின் நடுவே செக்கச் செவேலென்று நிற்பது இதனால்தான். அது டம்ஃப்ரீஸ் வட்டாரத்துக் கார்ஸ்ஹில் கல்.

ஆக, ஒரு தெருவில் நடந்தாலே போக்குவரத்தின் வரலாறு கண்முன் விரிகிறது. பக்கத்துக் குழிக் கல், வண்டி தூரத்துக் கல், இரயில் தூரத்துக் கல் என்று சுவர்களே காலத்தைச் சொல்கின்றன. ஆனால் அதைப் படிக்க எழுத்து தெரிய வேண்டுமே!

கண்ணும் கையும் காட்டுவது

முதலில் ஓர் எச்சரிக்கை. நிறத்தை மட்டும் நம்பக்கூடாது. புகைக்கரி படிந்த வெள்ளைக் கல்லும் கருப்பாகத்தான் தெரியும். ஆகவே அனுபவசாலிகள், ஏற்கெனவே உடைந்த ஒரு முனையைத் தேடிப் புதிய முகத்தைப் பார்ப்பார்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் ஒரு கைலென்சும், ஓர் அளவுகோலும், ஒரு நீர்ப் புட்டியும் இருந்தால் வேலை தொடங்கிவிடலாம்.

மணியின் அளவையும் வடிவத்தையும் முதலில் பார்க்க வேண்டும். எல்லா மணிகளும் ஒரே அளவா, பலவகையா? முனை மழுங்கியவையா, கூரானவையா? காற்று உருட்டிய மணல் நன்றாக உருண்டு, ஒரே அளவில், சொரசொரப்பான கண்ணாடி போல மங்கியிருக்கும். காக்காப்பொன் தகடுகள் மின்னுகின்றனவா என்றும் பார்க்க வேண்டும். இலேசான அந்தத் தகடுகளைக் காற்று அடித்துக்கொண்டு போய்விடும். ஓடும் ஆறோ வண்டலோடு படியவிடும். ஆகவே பாலைவன மணலில் பிறந்த கல்லில் காக்காப்பொன் அரிது. ஆற்று மணலில் பிறந்த கல்லில் அது படலங்களுக்கு இடையே பளபளக்கும்.

அடுத்தது படலங்கள். மணல் அடுக்கடுக்காகப் படிந்த கோடுகள் நேராக ஓடுகின்றனவா, சாய்ந்து ஒன்றையொன்று வெட்டுகின்றனவா? மணல்மேட்டின் சரிவில் காற்று கொட்டிய மணல், பெரிய சாய்வுக் கோடுகளாகவே கல்லாகியிருக்கும். எடின்பரோவுக்கு மேற்கே உள்ள கிளாஸ்கோ நகரில் 1901இல் திறக்கப்பட்ட கெல்வின்குரோவ் காட்சியகத்தின் சிவந்த சுவர், டம்ஃப்ரீஸ் அருகிலுள்ள லோகார்பிரிக்ஸ் கல். 25 கோடி ஆண்டுகளுக்கும் முந்திய பாலைவனம் ஒன்றின் மணல்மேடுகள் அந்தக் கல்லில் உறைந்திருக்கின்றன. மழைக்குப் பேர்போன ஊரின் சுவரில் ஒரு பாலைவனம்!

படலங்களைப் பார்ப்பதில் இன்னொரு பயனும் உண்டு. குவாரியில் கல் எப்படிக் கிடந்ததோ, அப்படியே சுவரிலும் படுக்க வைப்பது நல்ல கொத்தனார் அறிந்த விதி. படலம் சுவர் முகத்துக்கு இணையாக நிற்கும்படி வைத்துவிட்டால், புத்தகத்தின் பக்கங்கள் கழல்வது போல மேல் தோல் கழன்று விழும். ஒரே குவாரியின் இரண்டு கற்களில் ஒன்று புதிதாகவும் மற்றொன்று உரிந்தும் இருப்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

பிறகு சிறு சோதனைகள். உதிர்ந்து கிடக்கும் துணுக்கில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால், கால்சைட் பசை இருந்தால் நுரைக்கும். சிலிக்கா பசையானால் அசையாது. ஒரு சொட்டுத் தண்ணீரை விட்டு, அது எத்தனை வினாடிகளில் உறிஞ்சப்படுகிறது என்று பார்த்தால், நுண்துளைகளின் தன்மை தெரியும்.

இவற்றையெல்லாம் ஒரு வரிசையில் எழுதுவதுதான் கல்லின் 'அங்க அடையாளம்'. கிரெய்க்லீத் கல்லுக்கு அது ஏறத்தாழ இப்படி அமையும்: புதிய முகத்தில் வெண்மை முதல் இலேசான மஞ்சள் கலந்த சாம்பல் வரை, நாளடைவில் சாம்பல் நிறம் கூடும், நுண்மணி, சிலிக்கா பசை, அமிலத்தில் நுரைக்காது, அங்கங்கே கரிமப் பொருளின் கரும் இழைகள், இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் உளியின் தடம் மழுங்காமல் தெரியும். லோகார்பிரிக்ஸ் கல்லுக்கு: செங்கல் சிவப்பு, நடுத்தர மணி, மணியைச் சுற்றி ஹேமடைட் என்னும் இரும்பு ஆக்சைடு பூச்சு, பெரிய சாய்வுப் படலங்கள். இந்த இரண்டையும் ஒருமுறை படித்தவர் தெருவில் குழம்பமாட்டார். ஆனால் கிரெய்க்லீத்தையும் ரேவல்ஸ்டனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்? அங்கே கண் தோற்றுப்போகிறது. ஒளியின் உதவியை நாட வேண்டியிருக்கிறது.

கல்லுக்குள் புகுந்த ஒளி

கல்லூரி இயற்பியல் வகுப்பில் ஒளியின் தளவிளைவு பற்றிய பாடத்தில் நிகோல் பட்டகம் கட்டாயம் வரும். மாணவர்கள் படம் வரைந்து, கோணங்களைக் குறித்து, தேர்வில் எழுதிவிட்டு மறந்துவிடுகிறார்கள். அதைச் செய்தவர் எடின்பரோவில் வாழ்ந்தவர் என்றோ, அந்த நகரத்துக் குவாரியோடு அவருக்குத் தொடர்பு உண்டு என்றோ பாடநூல்கள் சொல்வதில்லை.

வில்லியம் நிகோல் (1770–1851) ஊர் ஊராகச் சென்று இயற்பியல் விரிவுரை ஆற்றிப் பிழைத்தவர். கண்பார்வை இழந்த விரிவுரையாளரான ஹென்றி மோய்ஸ் என்பவருக்கு உதவியாளராக இருந்து தொழில் கற்றார். 1828இல் தம் பட்டகத்தை உலகுக்கு அறிவித்தார். ஐஸ்லாந்து ஸ்பார் என்னும் தெளிந்த கால்சைட் படிகத்துக்குள் ஒளி நுழைந்தால் இரண்டு கதிர்களாகப் பிரியும். நிகோல் அந்தப் படிகத்தைக் குறுக்காக அறுத்து, கனடா பால்சம் என்னும் பிசினால் மறுபடி ஒட்டினார். சாதாரணக் கதிருக்குக் கால்சைட்டின் ஒளிவிலகல் எண் 1.658, பிசினுக்குச் சுமார் 1.55. அடர் ஊடகத்திலிருந்து அடர்வு குறைந்த ஊடகத்தை நோக்கிச் சாய்வாகப் போகும் அந்தக் கதிர் முழு அகப் பிரதிபலிப்பு அடைந்து பக்கவாட்டில் விலகிவிடும். அசாதாரணக் கதிருக்கு விலகல் எண் பிசினைவிடக் குறைவு. ஆகவே அது தடையின்றி வெளியே வரும். கிடைப்பது ஒரே தளத்தில் அதிரும் ஒளி. இப்படிப்பட்ட இரண்டு பட்டகங்களைக் குறுக்கு நிலையில் வைத்தால், இடையில் ஒன்றும் இல்லாதபோது இருட்டுதான்.

நிகோல் கற்களை ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய சீவல்களாகத் தேய்த்து, கண்ணாடியில் ஒட்டிப் பார்க்கவும் செய்தார். முதலில் அவர் கவனம் சென்றது கல்லாகிப்போன மரங்களின் மீது. 1830 வாக்கில் கிரெய்க்லீத் குவாரியில் மணற்கல்லுக்குள் புதைந்த பெரிய மரத்தண்டுகள் கிடைத்தன. ஹென்றி விதாம் என்னும் ஆய்வாளர், நிகோலின் முறைப்படி அந்த மரங்களின் சீவல்களை நுண்பெருக்கியில் ஆராய்ந்து 1831இல் நூலாக வெளியிட்டார். 33 கோடி ஆண்டுகளுக்கு முந்திய மரத்தின் செல்கள் அப்படியே தெரிந்தன. இந்தத் தண்டுகளில் ஒன்று லண்டன் இயற்கை வரலாற்றுக் காட்சியகத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தப்பட்டது.

மரத்தைச் சீவிப் பார்த்தவர்கள், அதைச் சுற்றியிருந்த மணலைச் சீவிப் பார்க்கவில்லை! அந்தக் குறையைப் போக்கியவர் ஷெஃபீல்டு நகரத்து ஹென்றி கிளிஃப்டன் சார்பி. மரத்துக்குப் பயன்பட்ட முறையைப் பாறைகளுக்குப் பயன்படுத்தி, நிகோல் பட்டகங்கள் பொருத்திய நுண்பெருக்கியில் பார்த்து, 1850களில் அவர் வெளியிட்ட கட்டுரைகளிலிருந்துதான் நுண்பாறையியல் என்னும் துறை வளர்ந்தது.

சீவலின் கனம் 0.03 மில்லிமீட்டர், அதாவது 30,000 நானோமீட்டர். குவார்ட்சின் இரண்டு விலகல் எண்களுக்கு இடையே உள்ள பெரும வேறுபாடு 0.009. இரண்டையும் பெருக்கினால் 270 நானோமீட்டர். குவார்ட்ஸ் மணிக்குள் பிரிந்த இரு கதிர்களில் ஒன்று மற்றதைவிட அதிகபட்சம் இந்த அளவு பின்தங்குகிறது. இது பச்சை ஒளியின் அலைநீளத்தில் ஏறத்தாழப் பாதி. ஆகவே குறுக்கு நிலையில் இருட்டாக இருந்த புலத்தில் குவார்ட்ஸ் மணிகள் சாம்பலும் வெண்மையுமாக ஒளிவிடுகின்றன. மஞ்சள் தெரிந்தால் சீவல் இன்னும் தடிப்பு என்று தேய்ப்பவருக்குத் தெரிந்துவிடும், குவார்ட்ஸே அளவுகோல்! கால்சைட்டுக்கு இந்த வேறுபாடு பல மடங்கு அதிகம். அதன் நிறங்களே வேறு. ஃபெல்ஸ்பார் பல நேரங்களில் வரி வரியாகத் தெரியும். இன்று பட்டகத்தின் இடத்தைப் போலராய்டு தகடுகள் பிடித்துக்கொண்டன, இயற்பியல் அதேதான். நுண்துளைகள் தெளிவாகத் தெரிவதற்காக நீலச் சாயம் கலந்த பிசினைக் கல்லுக்குள் ஏற்றிவிட்டுத் தேய்க்கிறார்கள். மணி, பசை, இடைவெளி ஆகிய மூன்று கேள்விகளுக்கும் ஒரே சீவலில் விடை கிடைக்கிறது.

உறுதிக்குக் கொடுத்த விலை

சிலிக்கா மிகுந்த கல் உறுதியானது என்றோம். அந்த உறுதியைச் சுவருக்குக் கொடுத்தவர்கள் தம் நுரையீரலைக் கொடுத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கிரெய்க்லீத் கல்லில் உளி விழும்போது எழும் தூசு பெரும்பாலும் தூய சிலிக்கா. ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைந்த துகள்கள் நுரையீரலின் கடைசிக் காற்றுப் பைகள் வரை போய்த் தங்குகின்றன. அவற்றை விழுங்கி அழிக்க முயலும் செல்கள் தாமே அழிகின்றன, அங்கே தழும்பு வளர்கிறது, மூச்சு குறுகுகிறது. சிலிக்கோசிஸ் என்று இன்று நாம் அறியும் நோய் இது.

எடின்பரோ மருத்துவர் வில்லியம் பல்ட்னி அலிசன் 1824இலேயே இதைக் கவனித்தார். அந்த நகரில் தொடர்ந்து கல் செதுக்கும் தொழிலாளிகளில், காசநோயைப் போன்ற அறிகுறிகள் இன்றி ஐம்பது வயதைத் தொட்டவர் அநேகமாக இல்லை என்று அவர் எழுதினார். அதே 1824இல் வடக்கே குரோமார்ட்டி என்னும் ஊரிலிருந்து எடின்பரோ அருகே கல்வேலைக்கு வந்தவர் ஹியூ மில்லர் என்னும் இளைஞர். இங்கே செதுக்கிய கல்லின் தூசு அவருடைய நுரையீரலைக் கெடுத்தது, ஊர் திரும்பினார். உளியைப் பிடித்த நாட்களில் கல்லில் கண்ட மீன் உருவங்களைப் பற்றி அவர் எழுதி 1841இல் வெளிவந்த 'பழைய செம்மணற்கல்' என்னும் நூல், புவியியலைப் பொதுமக்களிடம் கொண்டு சென்ற நூல்களில் ஒன்றாயிற்று. மணற்கல்லின் வரலாற்றை எழுதிய கை, மணற்கல்லால் காயம்பட்ட மனிதனின் கை.

இந்தச் செய்தி பழங்கதை அல்ல. பழுது பார்க்கும் வேலையிலும் கல்லை அறுக்கவும் தேய்க்கவும் வேண்டியிருக்கிறது. மின்கருவிகள் உளியைவிட அதிகத் தூசு கிளப்புகின்றன. எந்தக் கல்லில் எவ்வளவு சிலிக்கா என்று முன்கூட்டியே தெரிந்திருப்பது, தண்ணீர் தெளித்து அறுப்பதற்கும் தகுந்த முகமூடி கொடுப்பதற்கும் காரணமாகிறது. கல்லின் பெயர் தெரிவது தொழிலாளியின் உயிரோடும் தொடர்புடையது.

தவறான மருந்து

ஒரு காலத்தில் எடின்பரோவுக்குப் 'புகை படிந்த பழையது' என்று பொருள்படும் செல்லப்பெயர் உண்டு. நிலக்கரிப் புகையால் சுவர்கள் கருத்தன. புகையிலிருந்த கந்தக டை-ஆக்சைடு ஈரத்தோடு சேர்ந்து, சாந்திலும் கல்லிலும் இருந்த சுண்ணாம்பை ஜிப்சமாக மாற்றி, மேலே கருந்தோலாகப் படிய வைத்தது. 1956ஆம் ஆண்டுத் தூய காற்றுச் சட்டத்துக்குப் பிறகு புகை குறைந்தது. கருத்த சுவர்களைக் கழுவி வெண்மையாக்கும் ஆசை பிறந்தது. 1960களிலிருந்து பல கட்டடங்களில் மணலைப் பீய்ச்சி அடித்தார்கள், அமிலங்களைப் பூசினார்கள். எந்தக் கல் என்று பாராமல் எல்லாக் கல்லுக்கும் ஒரே வைத்தியம். பல இடங்களில் கரியோடு கல்லின் தோலும் உளியின் தடமும் போயின. உள்ளே தங்கிய இரசாயனங்கள் உப்புகளாகப் பூத்தன. 1990களின் தொடக்கத்தில் அபர்டீனில் நடந்த ஆய்வுகள் இந்தக் கேடுகளை எடுத்துக்காட்டிய பிறகே வேகம் தணிந்தது.

மற்றொரு தவறான மருந்து சிமெண்ட். பழைய சுவரில் கற்களுக்கு இடையே இருந்தது சுண்ணாம்புச் சாந்து. அது கல்லைவிட மென்மையானது. உள்ளே புகுந்த ஈரம் அதன் வழியாக வெளியேறிவிடும். அதைச் சுரண்டிவிட்டுச் சிமெண்ட் பூசினால், ஈரத்துக்கு வெளியேற வழி கல்தான். ஈரம் காயும்போது அதிலுள்ள உப்பு நுண்துளைகளுக்குள் படிகமாகி நெருக்கும். குளிர்காலத்தில் தண்ணீர் உறையும்போது அதன் பருமன் நூற்றுக்கு 9 பங்கு பெருகும். இரண்டும் சேர்ந்து கல்லின் முகத்தை உதிர்க்கின்றன.

மாற்றுக் கல்லுக்கும் இதே விதிதான். நுண்துளை குறைந்த கல்லை, நுண்துளை மிகுந்த பழைய கற்களுக்கு இடையில் வைத்தால், அது ஈரத்துக்கு அணை போலாகிறது. தடைப்பட்ட நீர் சுற்றியுள்ள பழைய கற்களில் தேங்கி, அவற்றை அழிக்கிறது. நிறம் பொருந்தியும் கல் பொருந்தாமல் போவது இப்படித்தான்.

நல்ல மருந்துக்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. எழுத்தாளர் வால்டர் ஸ்காட்டின் நினைவாக, ஜார்ஜ் மெய்கிள் கெம்ப் வரைந்த திட்டப்படி 1840இல் அடிக்கல் நாட்டி 1846இல் திறக்கப்பட்ட நினைவுக் கோபுரம், சுமார் 61 மீட்டர் உயரமுள்ளது. அது பின்னி கல். எண்ணெய்ப் பசையுள்ள கரிமப் பொருள் கலந்த அந்தக் கல்லில் புகைக்கரி எளிதாகப் பிடித்துக்கொண்டது; கோபுரம் கன்னங்கரேலென்று ஆயிற்று. 1990களில் அதைப் பழுது பார்க்கும்போது, கழுவினால் கல்லுக்குக் கேடு என்று ஆராய்ந்து அறிந்து, கழுவுவதைக் கைவிட்டார்கள். சிதைந்த பகுதிகளுக்காகப் பின்னி குவாரியையே மறுபடி திறந்து கல் எடுத்தார்கள். இன்று அந்தக் கோபுரத்தில் கருத்த கற்களுக்கு நடுவே வெளிறிய புதிய கற்கள் திட்டுத் திட்டாகத் தெரிகின்றன. பார்வைக்கு ஒட்டுப்போட்ட துணி போல இருந்தாலும், இரண்டும் ஒரே தாயின் பிள்ளைகள்.

குவாரி மூடிய பிறகு

எல்லாக் கல்லுக்கும் இந்த வாய்ப்புக் கிடைப்பதில்லை. எடின்பரோவுக்கு முகம் கொடுத்த கிரெய்க்லீத் குவாரி 20ஆம் நூற்றாண்டில் மூடப்பட்டு, குப்பையும் மண்ணும் கொட்டித் தூர்க்கப்பட்டது. அதன் மேல் இன்று கடைவீதி வளாகம் நிற்கிறது. 1995இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற நகரத்தின் கல், கடைகளின் அடியில் கைக்கெட்டாமல் கிடக்கிறது.

ஆகவே இன்று நிபுணர்களின் வேலை, மறைந்த கல்லுக்கு நெருங்கிய உறவைத் தேடுவது. பழைய சுவரிலிருந்து அனுமதியோடு ஒரு சிறு துண்டை எடுத்துச் சீவல் செய்து, இன்றும் இயங்கும் குவாரிகளின் சீவல்களோடு ஒப்பிடுகிறார்கள். மணி, பசை, இடைவெளி மூன்றும் எதில் மிக நெருங்குகின்றனவோ, அதைப் பரிந்துரைக்கிறார்கள். எடின்பரோவிலுள்ள பிரிட்டிஷ் புவியியல் ஆய்வு நிறுவன அலுவலகம் இதற்காகவே கட்டடக் கற்களின் மாதிரிகளைச் சேர்த்து வைத்திருக்கிறது. எந்தக் கட்டடத்தில் எந்தக் குவாரியின் கல் என்று பட்டியலிட்ட நூல் ஒன்று 1987இல் வெளிவந்து, 1999இல் விரிவாக்கப்பட்டது. குவாரி உயிரோடிருந்த நாளில் யாரேனும் கணக்கு எழுதி வைத்ததும், ஒரு துண்டுக் கல்லைப் பெயரெழுதிப் பெட்டியில் வைத்ததும் இன்று விலைமதிப்பற்றவையாகிவிட்டன.

இதில் நாம் எல்லோரும் கற்றுக்கொள்ளக் கூடியது ஒன்று உண்டு. கட்டடம் கட்டியவரின் பெயரைக் கல்வெட்டு சொல்லும். கல் தந்த குவாரியின் பெயரை எழுதி வைக்காவிட்டால் இரண்டு தலைமுறையில் அது மறைந்துபோகும். அடுத்த முறை ஒரு பழைய சுவரின் முன் நிற்கும்போது, கல்லைப் பெயர்க்காமல், கீறாமல், கண்ணாலும் லென்சாலும் மட்டும் பாருங்கள். மணி எது, பசை எது, படலம் எப்படிப் படுத்திருக்கிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஊரில் முதியவர் யாருக்கேனும் அந்தக் கல் எந்தக் குவாரியிலிருந்து வந்தது என்று தெரிந்திருந்தால் அதையும் கேட்டு எழுதுங்கள். என்றோ ஒரு நாள் அந்தச் சுவருக்கு மருந்து எழுத வருபவருக்கு முதலில் தேவைப்படுவது அந்தத் தாளாகத்தான் இருக்கும்.